வங்கிச் சில்லறையில் ஒளிந்திருக்கும் வெள்ளி

அமெரிக்காவில் ஒரு வங்கிக் கிளை. வரிசையில் நின்றவர் காசாளரிடம் 500 டாலருக்கு நோட்டுகளை நீட்டுகிறார். பதிலுக்குக் கனமான ஓர் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறார். பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றிய 50 ரோல்கள். ஒவ்வொரு ரோலிலும் 20 அரை டாலர் நாணயங்கள். மொத்தம் ஆயிரம் காசுகள், எடை 11 கிலோவுக்கு மேல். இரண்டு நாள் கழித்து அதே மனிதர், ஏறக்குறைய அத்தனை காசுகளையும் வேறொரு வங்கியில் கட்டிவிட்டு வருகிறார். கையில் நிறுத்திக்கொண்டது இரண்டோ மூன்றோ காசுகள் மட்டும். சில வாரங்களில் அதுவும் இல்லை.

இவர் கடைக்காரர் அல்லர். சில்லறைத் தட்டுப்பாடும் இல்லை. பின் எதற்கு இந்த வேலை?

அந்த ஆயிரம் காசுகளுக்குள் வெள்ளிக் காசு ஒன்று கலந்திருக்கலாம் என்பதுதான் காரணம். அரை டாலர் என்று எண்ணி வங்கி கொடுத்த காசு, உலோகச் சந்தையில் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் விலைபோகக்கூடும். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இது ஒரு பொழுதுபோக்காகவே இருந்துவருகிறது. அங்கே வசிக்கும் நம் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இது தெரிந்திருக்கலாம். யூடியூபில் பார்த்துவிட்டு, "உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாமாமே!" என்று கேட்பவர்களும் உண்டு.

உண்மையில் சம்பாதிக்க முடியுமா? எப்படித் தேடுகிறார்கள்? எங்கே ஏமாறுகிறார்கள்? ஊரில் உள்ள நமக்கு இதில் என்ன படிப்பினை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1964க்கும் 1965க்கும் இடையில்

1964 வரை அமெரிக்காவின் 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. அன்றாடம் கடையில் ரொட்டி வாங்கவும் பேருந்தில் ஏறவும் வெள்ளியைத்தான் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் வெள்ளியின் விலை ஏறத் தொடங்கியது. ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி, சுமார் 1.38 டாலரைத் தாண்டினால் போதும். அந்தச் சில்லறைக் காசுகளில் உள்ள வெள்ளியின் மதிப்பு, காசின் மேல் எழுதியிருக்கும் மதிப்பை மிஞ்சிவிடும். அந்த நிலை நெருங்க நெருங்க மக்கள் காசுகளைச் செலவழிக்காமல் பதுக்கத் தொடங்கினார்கள். தானியங்கி இயந்திரங்களின் பயன்பாடு பெருகியதும் சேர்ந்துகொள்ள, நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

1965 ஜூலை 23 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 10 சென்ட், 25 சென்ட் காசுகளிலிருந்து வெள்ளி முழுவதுமாக நீக்கப்பட்டது. நடுவே செம்பு, இரு முகத்திலும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு என்ற அமைப்பு வந்தது. அரை டாலரில் மட்டும் வெள்ளி 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 1970 வரை நீடித்தது. 1971 முதல் புழக்கத்துக்கு வந்த அரை டாலரிலும் வெள்ளி இல்லை.

பழைய காசு செல்லாது என்று அரசு அறிவிக்கவில்லை. இன்றும் 1964ஆம் ஆண்டின் 25 சென்ட் காசு 25 சென்ட்டுக்குச் செல்லும். அறிந்தவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். அறியாதவர்கள் செலவழித்தார்கள். அப்படித் தப்பித் தவறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் காசுகளைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

நல்ல காசு ஏன் மறைந்துபோகிறது?

ஒரே மதிப்பு எழுதிய இரண்டு காசுகள் உங்கள் கையில் உள்ளன. ஒன்று வெள்ளி, மற்றது செம்பு. கடையில் எதைக் கொடுப்பீர்கள்? செம்பைத்தான். எல்லோரும் அப்படியே செய்தால் சந்தையில் செம்பு மட்டும் சுற்றும், வெள்ளி பெட்டிக்குள் போய்விடும். மேற்கத்திய நாடுகளில் இதை 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான தாமஸ் கிரஷாமின் பெயரால் 'கிரஷாம் விதி' என்பார்கள்.

ஆனால், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே இதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் எகிப்திய வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ (1364-1442). அவர் கெய்ரோவில் முஹ்தஸிபாகவும் பணியாற்றியவர். அதாவது, சந்தையின் அளவை, நிறுவை, நேர்மை ஆகியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு அவருடையது. மம்லூக் ஆட்சியில் ஃபுலூஸ் எனும் செம்புக் காசுகள் அளவின்றிப் பெருகியதையும், வெள்ளித் திர்ஹம்கள் புழக்கத்திலிருந்து காணாமல் போனதையும், விலைவாசி ஏறி ஏழைகள் நொறுங்கிப்போனதையும் அவர் பதிவு செய்தார். 1965இல் அமெரிக்காவில் நடந்ததன் சாயலை 1400களின் கெய்ரோவிலும் காணலாம்.

எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி?

தேடுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு இது. ஒவ்வொன்றிலும் உள்ள வெள்ளியின் அளவைக் கிராமில் தருகிறோம்.

• 10 சென்ட், 1964 வரை: காசின் எடை 2.5 கிராம், வெள்ளி 2.25 கிராம்.

• 25 சென்ட், 1964 வரை: எடை 6.25 கிராம், வெள்ளி சுமார் 5.6 கிராம்.

• அரை டாலர், 1964 வரை: எடை 12.5 கிராம், வெள்ளி 11.25 கிராம்.

• அரை டாலர், 1965 முதல் 1970 வரை: எடை 11.5 கிராம், வெள்ளி 4.6 கிராம்.

• 5 சென்ட், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை: எடை 5 கிராம், வெள்ளி 1.75 கிராம்.

கடைசியில் உள்ள 5 சென்ட் காசுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் ஆயுதத் தயாரிப்புக்குத் தேவைப்பட்டது. அதனால் அந்த ஆண்டுகளில் மட்டும் 5 சென்ட் காசில் நிக்கலை விட்டுவிட்டு 35 விழுக்காடு வெள்ளியைச் சேர்த்தார்கள். அடையாளம் தெரிவதற்காகப் பின்பக்கத்தில் உள்ள கட்டடத்தின் கூரைக்கு மேலே பி, டி, எஸ் என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றைப் பெரிதாகப் பொறித்தார்கள். அந்தப் பெரிய எழுத்து இருந்தால் வெள்ளி, இல்லாவிட்டால் சாதாரணக் காசு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1992 முதல், சேகரிப்பாளர்களுக்காக மட்டும் வெள்ளியில் அடித்த பளபளப்பான காசுகளைத் தனிப் பெட்டியில் வைத்து அமெரிக்க நாணயச்சாலை விற்றுவருகிறது. அவற்றில் எஸ் என்ற எழுத்து இருக்கும். விவரம் தெரியாத யாராவது பெட்டியைப் பிரித்துச் செலவழித்துவிட்டால் அவையும் ரோலுக்குள் வந்து சேரும். எனவே ஆண்டை மட்டும் பார்ப்பவர் இவற்றைத் தவறவிடுவார்.

தேடும் முறை

முதல் வேலை வங்கிக்குப் போய்க் கேட்பது. கணக்கு வைத்திருக்கும் வங்கி என்றால் கொடுப்பார்கள். ரோல்களாகவும் வாங்கலாம், முன்கூட்டியே சொல்லி முழுப் பெட்டியாகவும் வாங்கலாம். 10 சென்ட் ரோலில் 50 காசுகள், பெட்டி 250 டாலர். 25 சென்ட் ரோலில் 40 காசுகள், பெட்டி 500 டாலர். சில வங்கிகள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்கும். அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கொடுத்தால் தேடலின் கணக்கே மாறிவிடும்.

ரோல்களில் இரண்டு வகை. இயந்திரத்தில் சுற்றியவை ஒன்று. வாடிக்கையாளர்கள் வீட்டில் கையால் சுற்றிக் கொண்டுவந்தவை மற்றொன்று. அனுபவசாலிகள் காசாளரிடம், "கையால் சுற்றியவை ஏதாவது வந்திருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்த உண்டியல் காசு அப்படித்தான் வங்கிக்கு வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு காசின் ஆண்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காசுகளை வரிசையாக அடுக்கி விளிம்பைப் பார்த்தால் போதும். புதிய காசின் விளிம்பில் செம்பு நிறக் கோடு ஓடும். 90 விழுக்காடு வெள்ளிக் காசின் விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். 40 விழுக்காடு அரை டாலர்தான் கண்ணை ஏமாற்றும். அதன் விளிம்பு சாம்பல் நிறத்தில் லேசாகப் பழுப்பு கலந்து தெரியும். ஐயம் வந்தால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தமும் காட்டிக்கொடுக்கும். மரமேசையில் போட்டால் புதிய காசு மழுங்கிய ஒலி தரும். வெள்ளிக் காசு மணி போல ஒலிக்கும். இறுதி உறுதிக்குச் சிறிய மின்னணுத் தராசு. புதிய 25 சென்ட் 5.67 கிராம், வெள்ளிக் காசு 6.25 கிராம். பல்லாண்டு தேய்ந்த காசின் எடை சற்றுக் குறையும்.

வெள்ளி கிடைக்க மற்றவற்றைவிட அரை டாலரில்தான் வாய்ப்பு அதிகம் என்பார்கள். அமெரிக்கர்கள் அரை டாலரை அன்றாடம் பயன்படுத்துவதில்லை. 2002 முதல் பல ஆண்டுகள் அதைப் புழக்கத்துக்கென அடிக்கவும் இல்லை. அதனால் பழைய காசுகள் கைமாறாமல் வங்கிப் பெட்டகங்களில் தங்கிவிட்டன. 25 சென்ட் நேர்மாறானது. ஆண்டுதோறும் புதிது புதிதாகக் கொட்டப்படுவதால் பழையது கிடைப்பது அரிது.

வெள்ளி இல்லாமலும் விலை உண்டு

வெள்ளியை மட்டும் தேடுபவர்கள் ஒரு பிரிவினர். அரிய காசுகளைத் தேடுபவர்கள் இன்னொரு பிரிவினர்.

1 சென்ட் காசின் பின்பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருந்தால் அது 1909க்கும் 1958க்கும் இடைப்பட்டது. பெரும்பாலும் சில சென்ட்கள்தான் கூடுதல் விலை. ஆனால், சில ஆண்டுகளுக்கு மதிப்பு மிக அதிகம். 1909இல் சான் பிரான்சிஸ்கோவில், வடிவமைத்தவரின் பெயர் முதலெழுத்துகளுடன் அடிக்கப்பட்டவை 4,84,000 மட்டுமே. 1943இல் போருக்காகச் செம்பை மிச்சப்படுத்தி, 1 சென்ட்டை எஃகில் துத்தநாகம் பூசி அடித்தார்கள். அந்த ஆண்டில் தவறுதலாகச் செம்பில் விழுந்த ஒரு சில காசுகள்தான் பெருமதிப்பு கொண்டவை. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவோரும் உண்டு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அண்மைக் காலத்திலும் ஒன்று உண்டு. 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலை, டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துடன் 25 சென்ட் காசுகளை ஒரு வடிவத்துக்கு 20 லட்சம் மட்டுமே அடித்துப் புழக்கத்தில் கலந்துவிட்டது. மக்கள் தேடிப் பார்க்கட்டும் என்பதே நோக்கம். அவற்றில் வெள்ளி இல்லை. என்றாலும் சேகரிப்பாளர்கள் முகமதிப்பைவிடப் பன்மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கிடைத்த காசு அழுக்காக இருக்கிறதே என்று புளி, சாம்பல், பற்பசை போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. நம் வீட்டுப் பித்தளைக் குடத்துக்குச் செய்யும் உபசாரம் இதற்கு ஆகாது. தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் சேதமடைந்த காசாகவே கருதுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக ஓர் அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 90 விழுக்காடு அரை டாலர் ஒன்றின் வெள்ளி மதிப்பு சுமார் 10.85 டாலர். 40 விழுக்காடு அரை டாலர் ஒன்று 4.44 டாலர்.

ஒரு பெட்டியில் முன்னதில் ஒன்றும் பின்னதில் இரண்டும் கிடைத்ததாகக் கொள்வோம். முகமதிப்பைக் கழித்தால் மிச்சம் சுமார் 18 டாலர். கடையில் விற்கும்போது கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். 40 விழுக்காடு காசுகளுக்கு விலையை இன்னும் குறைப்பார். வங்கிக்குப் போய்வந்த பெட்ரோல், 11 கிலோ பெட்டியைச் சுமந்த சிரமம், ரோல்களைப் பிரித்து, பார்த்து, மீண்டும் கொண்டுபோய்க் கட்டிய நேரம், எல்லாம் சேர்த்தால் கூலிவேலைக்குக்கூட இதைவிட அதிகம் கிடைக்கும். எதுவுமே கிடைக்காத பெட்டிகளும் ஏராளம். காணொளிகளில் காட்டப்படுவது கிடைத்த நாளைத்தான். கிடைக்காத முப்பது நாள்களைப் படம் எடுத்து யாரும் போடுவதில்லை.

எனவே இது பிழைப்பு அன்று, பொழுதுபோக்கு. குடும்பச் செலவுக்கு வைத்த பணத்தை இதில் முடக்குவதும், கிரெடிட் கார்டில் எடுத்து வட்டி கட்டிக்கொண்டு தேடுவதும் அறிவீனம். சும்மா இருக்கும் பணத்தில் இரண்டு ரோல், ஒரு விடுமுறை நாள், பக்கத்தில் பிள்ளைகள் என்றிருந்தால் அதன் பயன் வேறு. போர், பொருளாதாரம், உலோகம், கணக்கு எல்லாவற்றையும் பிள்ளைகள் ஒரு காசை வைத்தே கற்றுக்கொள்வார்கள்.

கைக்குழந்தைகளை மட்டும் பக்கத்தில் விடக் கூடாது. 1982க்குப் பிந்தைய 1 சென்ட் காசின் உள்ளே இருப்பது துத்தநாகம். விழுங்கிவிட்டால் வயிற்று அமிலத்தில் அரித்துப் புண்ணாக்கும். பல கைகள் பட்ட அழுக்கும் அவற்றில் இருக்கும். தேடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

'பிரிக்காத ரோல்' எனும் வலை

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வங்கியில் வாங்கிய ரோலில் எதுவும் கிடைக்காவிட்டாலும் உங்கள் பத்து டாலர் பத்து டாலராகவே இருக்கும். அப்படியே திருப்பிக் கட்டலாம். இழந்தது நேரம் மட்டுமே.

இணையச் சந்தையில் விற்கப்படும் ரோல் அப்படியன்று. "தாத்தா காலத்து ரோல், இதுவரை யாரும் பிரிக்கவில்லை" என்று விளம்பரம் செய்வார்கள். இரு முனையிலும் ஒரு பழைய அரிய காசு வெளியே தெரியும்படி வைத்திருப்பார்கள். உள்ளே இன்னும் எத்தனை இருக்குமோ என்று வாங்குபவர் மனம் கணக்குப் போடும். 50 சென்ட் முகமதிப்புள்ள ரோலை 30, 40 டாலருக்கு வாங்கிப் பிரித்தால், உள்ளே இருப்பவை எல்லாம் சாதாரணக் காசுகள். பழைய காகிதமும் முனையில் உள்ள காசும் ஆசை காட்டுவதற்காக வைத்தவை.

சற்றே யோசித்தால் போதும். அரிய காசுகளை விற்றுப் பிழைப்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலா விற்பார்?

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். வங்கியில் பத்து டாலர் கொடுத்துப் பத்து டாலர் வாங்குகிறோம். அங்கே இழப்பும் இல்லை, பந்தயமும் இல்லை. இணையத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். இருந்தால் லாபம், இல்லாவிட்டால் போச்சு. விற்கப்படும் பொருள் இன்னதென்று தெரியாத வியாபாரத்தை மார்க்கம் 'ஃகரர்' என்று தடுத்திருப்பதன் காரணத்தை இந்த ரோல் நமக்குத் தெளிவாகப் புரியவைக்கிறது. வெள்ளியைப் பணத்துக்கு மாற்றும்போது கைக்குக் கை உடனே நடைபெற வேண்டும் என்ற விதியும் உள்ளதால், வெள்ளிக் காசை இணையத்தில் வாங்க, விற்க நினைப்பவர்கள் முதலில் ஓர் ஆலிமிடம் விளக்கம் பெற்றுக்கொள்வது நல்லது.

திருப்பிக் கொடுப்பதிலும் நேர்மை

ஐம்பது ரோல்களைப் பிரித்து, இரண்டு காசுகளை எடுத்தவர் அவற்றுக்கு ஈடாகத் தம் பையிலிருந்து இரண்டு சாதாரணக் காசுகளைப் போட்டுத்தான் சுற்ற வேண்டும். 20 இருக்க வேண்டிய ரோலில் 19 வைத்துச் சுற்றினால் யாருக்கும் உடனே தெரியாது. ஆனால், அது அளவையில் மோசடி. மறுபக்கமும் உண்டு. வங்கி கொடுத்த ரோலில் தவறுதலாக ஒரு காசு கூடுதலாக இருந்தால், அது கிடைத்த அதிர்ஷ்டம் அன்று, திருப்பித் தர வேண்டிய அமானிதம்.

சிறு நாகரிகமும் தேவை. ஒரே கிளையில் பெட்டி வாங்குவது, மறுநாள் அதே கிளையில் மூட்டையாகக் கொட்டுவது என்று செய்தால் ஊழியர்களுக்கு இரட்டிப்பு வேலை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வாங்க ஒரு வங்கியும், கட்ட வேறொரு வங்கியும் வைத்துக்கொள்கிறார்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். வெள்ளிக் காசுகளை உருக்க இன்று தடை இல்லை. ஆனால் 1 சென்ட்டையும் சாதாரண 5 சென்ட்டையும் உலோகத்துக்காக உருக்குவதை அமெரிக்க அரசு தடை செய்துள்ளது. 1982க்கு முந்தைய செம்புக் காசுகளை மூட்டை மூட்டையாகச் சேர்ப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து ஜகாத். வெள்ளிக்கான நிஸாப் 200 திர்ஹம். இன்றைய எடையில் அது 595 கிராம் என்று பலரும், சுமார் 612 கிராம் என்று ஹனஃபி அறிஞர்கள் பலரும் கணக்கிடுகிறார்கள். ஓர் அரை டாலரில் 11.25 கிராம் வெள்ளி. எனவே 53 காசுகள் சேர்ந்தாலே 595 கிராமைத் தாண்டிவிடும். அவற்றின் முகமதிப்பு எவ்வளவு தெரியுமா? வெறும் இருபத்தாறரை டாலர்! "சில்லறைதானே" என்று டப்பாவில் போட்டு வைத்திருப்பவர், ஜகாத் கடமையாகும் அளவுக்கு வெள்ளி வைத்திருக்கிறார் என்பதை அறியாமலே இருக்கக்கூடும். மற்ற சொத்துகளுடன் சேர்த்து எப்படிக் கணக்கிடுவது என்பதை உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளி யாருடைய வீட்டிலிருந்து வந்தது?

60 ஆண்டுகளாகப் பலரும் சல்லடை போட்டுத் தேடிய பிறகும் வங்கி ரோலில் வெள்ளிக் காசு எப்படி வருகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து.

ஒரு பெரியவர் பல்லாண்டுகள் சேர்த்து ஜாடியில் போட்டு வைத்திருப்பார். அவர் மறைந்த பிறகு வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள், "ஏதோ பழைய சில்லறை" என்று அதை அப்படியே வங்கியிலோ காசு எண்ணும் இயந்திரத்திலோ கொட்டிவிடுவார்கள். இயந்திரம் காசின் மேல் எழுதியிருப்பதைத்தான் எண்ணும். ஒரு ரோலைப் பிரித்து ஒருவர் மகிழ்கிறார் என்றால், இன்னொரு குடும்பம் தன் கையில் இருந்ததை அறியாமல் கொடுத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இந்த இடத்தில்தான் இது நம் ஊர் விஷயமாகவும் ஆகிறது. இந்திய வங்கிகளில் சில்லறை வாங்கித் தேடினால் வெள்ளி கிடைக்காது. இங்கே வெள்ளிக் காசுகள் புழக்கத்திலிருந்து மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால், நம் பாட்டிமார்களின் சுருக்குப் பையிலும் தகரப் பெட்டியிலும் அலமாரி மூலையிலும் அவை இன்றும் இருக்கின்றன.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். 1939 வரை அதில் வெள்ளி சுமார் 91.7 விழுக்காடு, அதாவது 10.69 கிராம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 என்று பொறித்த ரூபாய் முழுக்க நிக்கல். பார்வைக்கு முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆண்டைப் படிக்கத் தெரிந்தால்தான் வேறுபாடு புரியும்.

பாகப்பிரிவினையின்போது வீடு, நிலம், நகை எல்லாம் பேசப்படும். பழைய காசு டப்பாவை யாராவது ஒருவர், "இது சும்மா கிடக்கிறது, நான் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று எடுத்துப் போவார். கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. ஆனால், அந்த டப்பாவில் 56 பழைய ரூபாய் இருந்தால் அது வெள்ளியின் நிஸாப் அளவு சொத்து. அதில் சகோதரிக்கும் பங்கு உண்டு, விதவைத் தாய்க்கும் பங்கு உண்டு, தந்தையை இழந்த சிறுவர்கள் வாரிசாக இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. முகமதிப்பைப் பார்த்து 56 ரூபாய் என்று எண்ணினால், அறியாமலே அவர்களின் உரிமையைக் குறைத்தவர்களாகிவிடுவோம்.

எனவே செய்ய வேண்டியவை எளிமையானவை. வீட்டில் பழைய காசுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாடு, ஆண்டு, எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். விற்பதானால் ஒரே கடையில் கேட்டுவிட்டுக் கொடுக்காமல், நகைக்கடையிலும் நாணயச் சேகரிப்பாளரிடமும் தனித்தனியே விலை கேளுங்கள். நகைக்கடை வெள்ளிக்கு மட்டும் விலை சொல்லும். காசு அரியதாக இருந்தால் சேகரிப்பாளர் அதற்கும் சேர்த்து விலை சொல்வார். ஜகாத் கணக்கிலும் வாரிசுக் கணக்கிலும் அந்தத் தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒருவர் ஆயிரம் காசுகளைப் பிரித்து இரண்டு வெள்ளிக் காசுகளைத் தேடுகிறார். நாமோ தேடவே வேண்டாம். நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதில் இருப்பது என்ன, அது யாருக்கெல்லாம் உரியது என்று தெரிந்துகொண்டால் போதும். அடுத்த முறை வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தகர டப்பாவையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ்.